ஸ்டீட்டோக்ரேனஸ் வளர்ப்பு: கல் அடுக்குவதில் தொடங்கி குஞ்சு பிரிப்பது வரை முழுமையான வழிகாட்டி

இந்த மீனைப் புதிதாக வாங்கியவர்கள் முதல் வாரத்தில் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "மீனுக்கு என்ன ஆச்சு? நீந்தவே மாட்டேங்குது, தரையிலேயே தத்தித் தத்திப் போகுது." மீனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அது வாழும் விதமே அதுதான்.

ஸ்டீட்டோக்ரேனஸ், காங்கோ ஆற்றின் வேகநீரில் பாறைகளுக்கிடையே வாழும், சிக்லிட் என்ற மீன் குடும்பத்தைச் சேர்ந்த சின்னப் பேரினம். கின்ஷாசாவும் பிராசவில்லும் எதிரெதிராக நிற்கும் மலேபோ குளத்துக்கு (ஆறு ஏரிபோல் விரியும் இடம்) கீழே, மட்டாடி வரைக்கும் ஆறு பாறைகளில் மோதி நுரைத்துக்கொண்டு இறங்குகிறது. அங்கே நடுநீரில் மிதக்கும் சின்ன மீனை ஓட்டம் அடித்துக்கொண்டு போய்விடும். அதனால் இந்த மீன்களுக்கு உடலை மிதக்கவைக்கும் காற்றுப்பை சுருங்கிச் சிறுத்துவிட்டது. கனமான உடம்போடு தரையில் உட்காரும், துடுப்புகளை ஊன்றி நிற்கும், ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்குத் தாவும்.

தரையோடு தரையாக வாழும் மீன் என்பதால் தொட்டி வேலையும் கீழிருந்து மேலே போக வேண்டும். முதலில் கல், பிறகு ஓட்டம், பிறகு மணல், பிறகு பழுத்த நீர் (கழிவின் நஞ்சை மாற்றும் பாக்டீரியா குடியேறிய தொட்டி), அப்புறம்தான் மீன். வரிசை மாறினால் எங்கே அடிவிழும் என்பதை ஒவ்வொரு படியிலும் சொல்கிறேன்.

1. எந்த இனம், எவ்வளவு பெரிய தொட்டி

முதல் முறை வளர்ப்பவர்களுக்கு ஸ்டீட்டோக்ரேனஸ் காசுவேரியஸ் நல்லது. வியாபாரத்தில் ப்ளாக்ஹெட், பஃபலோஹெட், லயன்ஹெட் சிக்லிட் என்று பல பெயர்களில் வருவது இதுதான். ஆண் சுமார் 10 முதல் 12 செ.மீ. வரை வளரும், பெண் அதைவிடச் சிறியது. வளர்ந்த ஆணின் நெற்றியில் கொழுப்புத் திசுவாலான பெரிய புடைப்பு இருக்கும். மெலிந்து நீண்ட உடல் பிடிக்கும் என்றால் ஸ்டீட்டோக்ரேனஸ் டினான்டி இருக்கிறது. அதற்கும் கீழே சொல்லும் முறை பொருந்தும்.

ஒரு ஜோடிக்கு 90 செ.மீ. நீளத் தொட்டி போதும். ஆனால் குட்டிகளாக ஆறு வாங்கி அவற்றிலிருந்து ஜோடி சேரவிடுவதைத்தான் நான் பரிந்துரைக்கிறேன் (காரணம் 8-ஆம் படியில்). அதற்கு 120 செ.மீ. நீளமும் 40 செ.மீ. அகலமும் வேண்டும். உயரத்தில் பணம் போடாதீர்கள். இந்த மீன் மேல்பாதித் தண்ணீரைத் தொடுவதே அபூர்வம், அதற்கு வேண்டியது தரைப்பரப்பு. உயரமான தொட்டியில் ஓட்டத்தைத் தரைவரைக்கும் இறக்குவதும் கஷ்டம்.

120 × 40 × 40 செ.மீ. தொட்டியின் கொள்ளளவு 192 லிட்டர். தண்ணீர், கல், கண்ணாடி எல்லாம் சேர்ந்தால் 250 கிலோவைத் தாண்டும். தாங்கும் மேசையும் சமமான தரையும் முதலில் உறுதியாகட்டும். கல் அடுக்கிய பிறகு இந்தத் தொட்டியை ஓர் அங்குலம்கூட நகர்த்த முடியாது.

2. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

உருண்டையான ஆற்றுக் கற்கள் அல்லது கருங்கல். தலை அளவில் மூன்று நான்கு, கைப்பிடி அளவில் பத்துப் பதினைந்து. ஒவ்வொரு கல்லிலும் சில சொட்டு வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது, தண்ணீரின் கடினத்தன்மையையும் பிஎச்சையும் (அமில-காரத் தன்மையின் அளவு) மெல்ல ஏற்றிக்கொண்டே போகும். அதைத் தள்ளி வையுங்கள்.

மெல்லிய மணல் அல்லது பொடிக் கூழாங்கல், மீன்தொட்டி சிலிக்கான், அடியில் விரிக்கப் பிளாஸ்டிக் வலைத்தட்டு, கேனிஸ்டர் (தொட்டிக்கு வெளியே நிற்கும் மூடிய ஃபில்டர்) அல்லது பெரிய ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஓட்டத்துக்கு ஒன்றோ இரண்டோ பவர்ஹெட் (தண்ணீருக்குள் மாட்டி நீரைத் தள்ளும் சிறு பம்ப்), ஹீட்டர், நன்றாகப் பொருந்தும் மூடி, குளோரின் நீக்கி.

அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட், பிஎச் நான்கையும் அளக்கும் சொட்டுமருந்து டெஸ்ட் கிட் கட்டாயம். அது இல்லாமல் 7-ஆம் படியை யாராலும் செய்ய முடியாது. பேட்டரியில் ஓடும் காற்று பம்ப் ஒன்றும் வாங்கிவிடுங்கள். அதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஆக்ஸிஜன் நிறைந்த நீருக்குப் பழகிய மீன் இது. மின்சாரம் நின்று ஓட்டமும் நின்றால் முதலில் தவிப்பது இதுதான்.

3. கல்லை மணலின் மேல் வைக்காதீர்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள்.

ஸ்டீட்டோக்ரேனஸ் தோண்டும் மீன். கல்லுக்கு அடியில் வாயை நுழைத்து, ஒரு வாய் மணலை அள்ளி, நான்கு விரல்கடை தள்ளிப் போய்த் துப்பிவிட்டுத் திரும்பி வரும். இதை மணிக்கணக்கில் செய்யும். மணலின் மேல் உட்கார்ந்திருக்கும் கல்லுக்கு அடியில் இப்படி ஒரு பக்கமாகப் பள்ளம் விழுந்தால் கல் சரியும். என் முதல் தொட்டியில் மணலைப் பரப்பிவிட்டுத்தான் கல் வைத்தேன். மூன்றாம் மாதம் ஒரு காலையில் கல் சாய்ந்து கிடந்தது. அடியில் பெண் மீன் நசுங்கி இறந்திருந்தது. அந்த ஆண் அதற்குப் பிறகு நான் விட்ட எந்தப் பெண்ணையும் ஏற்கவில்லை.

சரி, எப்படி வைப்பது? காலித் தொட்டியின் அடிக்கண்ணாடியில் வலைத்தட்டை விரியுங்கள். கல்லின் கூரான முனை கண்ணாடியின் ஒரே புள்ளியில் அழுத்தாமல் எடையை இது பரப்பிவிடும். பெரிய கற்களை அதன் மேலேயே நிறுத்துங்கள். ஒவ்வொரு கல்லும் மூன்று இடத்திலாவது ஊன்றி நிற்க வேண்டும். விரலால் தள்ளிப் பாருங்கள். ஆடினால் திருப்பி வையுங்கள். ஒன்றின் மேல் ஒன்று வரும் இடங்களில் சிலிக்கான் வைத்து ஒட்டிவிடுங்கள். சிலிக்கானின் புளித்த நெடி முழுக்கப் போகும்வரை, குறைந்தது இரண்டு நாள், தண்ணீர் விட வேண்டாம்.

பின்கண்ணாடிக்கும் கல்லுக்கும் இடையே மீன் சுற்றிவர வழி இருக்கட்டும். முட்டுச்சந்து வேண்டாம். துரத்தப்படும் மீன் முட்டுச்சந்தில் மாட்டினால் வாலும் செதிலும் கிழிந்துதான் வெளியே வரும்.

4. ஓட்டம்: தரைக்கு வர வேண்டும், ஒரே திசையில் போக வேண்டும்

கல் நின்றதும் மணலைக் கொட்டத் தோன்றும். பொறுங்கள். முதலில் ஓட்டத்தை அமைத்து, தண்ணீர் நிரப்பி, ஓடவிட்டுப் பாருங்கள். மணல் விழுந்த பிறகு கல்லையோ குழாயையோ நகர்த்தினால் தொட்டி முழுக்கக் கலங்கும், மணலும் பம்புக்குள் போய் அதன் சக்கரத்தைத் தேய்த்துவிடும்.

எளிய முறை: தொட்டியின் ஒரு குறுக்குப்பக்கத்தில் ஃபில்டரின் வெளிவாயையும் பவர்ஹெட்டையும் மாட்டி, இரண்டையும் நீளவாக்கில் அடுத்த முனையைப் பார்த்துத் திருப்புங்கள். ஃபில்டரின் உறிஞ்சுவாய் அந்த அடுத்த முனையில் இருக்கட்டும். புதியவர்கள் செய்யும் வழக்கமான தவறு, ஃபில்டரின் இரு வாய்களையும் ஒரே மூலையில் மாட்டுவது. அந்த மூலையில் மட்டும் தண்ணீர் சுழலும், மற்ற மூலையில் கழிவு தேங்கும்.

இன்னும் நன்றாகச் செய்ய விரும்பினால் அடிக்குழாய் முறை இருக்கிறது. எதிர்முனையில் ஸ்பாஞ்ச் மாட்டிய உறிஞ்சுவாய்கள். அங்கிருந்து தொட்டியின் தரையோடு வரும் பிவிசி பைப். இந்த முனையில் அந்தப் பைப் பவர்ஹெட்டின் உள்வாயில் சேரும். தண்ணீர் மேலே ஒரு திசையில் ஓடி, எதிர்முனையில் உறிஞ்சப்பட்டு, பைப் வழியாக மறைவாகத் திரும்பும். ஆறு போலவே ஒருமுகமான ஓட்டம் கிடைக்கும். இதற்கு உள்வாயில் குழாய் பொருத்தக்கூடிய பவர்ஹெட்தான் வேண்டும். சுற்றிலும் திறந்திருக்கும் விசிறி மாதிரியான வேவ்மேக்கரால் குழாய் வழியாக இழுக்க முடியாது. பைப்பைப் பசை போட்டு ஒட்டாமல் அழுத்திப் பொருத்துங்கள், கழற்றிக் கழுவ வசதியாக இருக்கும்.

பம்பை நீர்மட்டத்துக்குக் கீழே நடு உயரத்தில் வைத்து, வாயைச் சற்றுக் கீழ்நோக்கித் திருப்புங்கள். மேற்பரப்பில் மட்டும் ஓட்டம் இருந்தால் தரையில் உட்கார்ந்திருக்கும் மீனுக்கு அது குட்டைதான். அதே நேரம் ஃபில்டரின் வெளிவாய் மட்டும் மேற்பரப்பைக் கலக்கட்டும். காற்றிலிருந்து ஆக்ஸிஜன் கரைவது மேற்பரப்பில்தான். 25 பாகை செல்சியஸில் காற்றோடு சமநிலையில் உள்ள நன்னீரில் லிட்டருக்குச் சுமார் 8.3 மில்லிகிராம் ஆக்ஸிஜன் இருக்கும், 30 பாகையில் சுமார் 7.5 ஆகிவிடும். வெயில் ஏறும் நாட்களில் ஓட்டத்தைக் கூட்டுவதற்கு இதுவே காரணம்.

வேகம் எவ்வளவு? ஊறிய இலைத்துணுக்கு ஒன்றைப் பம்பின் வாய்க்கு முன்னால் விட்டு, கடிகாரத்தைப் பாருங்கள். 120 செ.மீ. தூரத்தை அது ஐந்து முதல் எட்டு நொடிக்குள் கடந்தால் நல்ல ஓட்டம். அதைவிட வேகம் கூட்டுவதால் எந்த லாபமும் நான் பார்க்கவில்லை.

5. ஓட்டத்தின் நிழல், அதற்குள் குகை

"வேகநீர் மீன்" என்றதும் தொட்டி முழுவதையும் துவைக்கும் இயந்திரம்போல் ஆக்கிவிடுகிறார்கள். ஆற்றில் இந்த மீன் ஓட்டத்தை எதிர்த்து நாள் முழுக்க நீந்திக்கொண்டிருப்பதில்லை. நீர் எவ்வளவு வேகமாகப் பாய்ந்தாலும் பாறையின் மேற்பரப்பை ஒட்டிய மெல்லிய படலத்தில் வேகம் குறைந்துதான் இருக்கும். பாறைக்குப் பின்னால் இன்னும் குறையும். மீன் வாழ்வது அந்த நிழலில். ஓட்டத்துக்குள் எட்டிப் போய், பாசியையோ பூச்சியையோ கவ்விக்கொண்டு திரும்பிவிடும்.

ஆகவே ஒவ்வொரு பெரிய கல்லுக்கும் பின்னால் ஓட்டம் தணியும் ஓர் இடம் வேண்டும். இலைத்துணுக்கை இப்போது கல்லின் பின்புறம் விட்டுப் பாருங்கள். அங்கேயே மெதுவாகச் சுற்றிக்கொண்டு நின்றால் நிழல் சரியாக இருக்கிறது. பிய்த்துக்கொண்டு போனால் கல்லை அகலவாக்கில் திருப்புங்கள், அல்லது பம்பின் கோணத்தை மாற்றுங்கள்.

குகைகளை இந்த நிழல்களில்தான் வைக்க வேண்டும். மண்சட்டி, தேங்காய்ச் சிரட்டை, பீங்கான் குழாய், கற்களுக்கிடையே தானாக அமைந்த பொந்து, எதுவானாலும் சரி. வாய் ஓட்டத்துக்கு நேராக இருக்கக் கூடாது. நேராக இருந்தால் மணல் உள்ளே புகுந்து நிரம்பும், முட்டையும் நிலைக்காது.

வாயின் அளவைப் பெண் மீன் தடையில்லாமலும் ஆண் சற்று நெருக்கியும் நுழையும்படி வையுங்கள். அகலமான வாய் உள்ள குகையை இவை அவ்வளவாக மதிப்பதில்லை, காக்க வேண்டிய வாசல் பெரிதாகிவிடும் அல்லவா. மீன்களின் எண்ணிக்கையைவிட இரண்டு குகையாவது கூடுதலாக இருக்கட்டும். ஆறு குட்டிக்கு எட்டு. ஒரு குகையின் வாசலில் நிற்கும் மீனுக்கு இன்னொரு குகையின் வாசல் தெரியாதபடி கற்கள் குறுக்கே வரட்டும். கண்ணில் பட்டால் சண்டைதான்.

6. மணலும் செடியும்

ஓட்டம் சரியானதும் தண்ணீரைப் பாதிக்கு இறக்கி, கழுவிய மணலைக் கற்களுக்கிடையே 4, 5 செ.மீ. உயரத்துக்குப் போடுங்கள். குகைகளின் வாய்க்குள் பாதிவரைக்கும் மணல் ஏறி இருக்கட்டும். தோண்டி வழி ஏற்படுத்துவது ஜோடி சேர்வதன் ஒரு பகுதி, அந்த வேலையை நாம் செய்துகொடுத்துவிடக் கூடாது.

மணலில் நடும் செடி எதுவும் நிற்காது. அனுபியாஸும் ஆப்பிரிக்க நீர்ப்பெரணியான போல்பிட்டிஸும் கல்லில் கட்டினால் வேர்பிடிக்கும், ஓட்டத்தையும் தாங்கும்.

7. தொட்டி பழுக்கும்வரை காத்திருங்கள்

மீனின் கழிவு அம்மோனியா ஆகிறது. அதை ஒருவகை பாக்டீரியா நைட்ரைட்டாக மாற்றும், மற்றொருவகை அதை நைட்ரேட்டாக மாற்றும். முதல் இரண்டும் நஞ்சு. இந்தப் பாக்டீரியாக்கள் ஃபில்டரின் ஸ்பாஞ்சிலும் கல்லிலும் குடியேற வழக்கமாக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும்.

மீன் இல்லாமல், கொஞ்சம் அம்மோனியா அல்லது தினம் ஒரு சிட்டிகை தீனி போட்டு இதைச் செய்யலாம். ஏற்கெனவே ஓடும் ஆரோக்கியமான தொட்டியின் ஸ்பாஞ்ச் கிடைத்தால் காலம் பாதியாகும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் இரண்டுமே பூஜ்யத்துக்கு வந்து ஒரு வாரம் அப்படியே நின்றால்தான் அடுத்த படி.

"தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கிறதே" என்பார்கள். அம்மோனியாவுக்கு நிறமில்லை. தெளிவை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, டெஸ்ட் கிட்டை வைத்துத்தான் சொல்ல முடியும்.

வெப்பநிலை 24 முதல் 28 பாகை, பிஎச் 6.5 முதல் 7.5 வரை. இந்த வரம்புக்குள் எங்காவது நிலையாக இருந்தால் போதும். 7.4 இருப்பதை 6.8 ஆக்க மருந்து ஊற்றுவதைவிட 7.4-லேயே விடுவது மேல். அளவு ஏறி இறங்குவதுதான் மீனை வாட்டும்.

இந்த வாரங்களில் தினம் எட்டுப் பத்து மணிநேரம் விளக்கு எரியட்டும். கல்லில் பச்சைப்பாசி படரும். அதைத் தேய்த்துக் கழுவிவிட வேண்டாம். முன்கண்ணாடியை மட்டும் துடையுங்கள். பாசியும் அதற்குள் ஒளியும் நுண்ணுயிர்களும் இந்த மீனின் இயல்பான உணவு.

8. மீனைத் தேர்ந்தெடுப்பது, தொட்டியில் விடுவது

3, 4 செ.மீ. குட்டிகளாக ஆறு வாங்குங்கள். இந்த வயதில் ஆண் பெண் தெரியாது. நெற்றிப் புடைப்பு வளர்ந்த பிறகுதான் எழும், பெண்ணுக்கும் சிறியதாக உண்டு. வளர்ந்த ஆணையும் பெண்ணையும் நாமே தேர்ந்து ஒன்றாக விட்டால் ஜோடி சேரும் என்ற உறுதி இல்லை. பிடிக்காவிட்டால் ஆண் பெண்ணைத் துரத்திக் கொன்றேவிடும். ஆறு குட்டிகள் சேர்ந்து வளரும்போது அவையே தேர்ந்துகொள்ளும், அந்தப் பிணைப்பு நெடுநாள் நிற்கும்.

தேர்ந்தெடுக்கும்போது நீந்துவதைப் பார்க்காதீர்கள், உட்காருவதைப் பாருங்கள். ஆரோக்கியமான குட்டி துடுப்புகளை விரித்து ஊன்றி, தலையைச் சற்று உயர்த்தி, கண்ணைச் சுழற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். கையை அருகில் கொண்டுபோனால் சட்டென்று தாவி மறையும். வயிறு ஒட்டியிருப்பது, துடுப்புகளை உடம்போடு ஒட்டிவைத்திருப்பது, வாயைப் பிளந்து வேகமாக மூச்சுவிடுவது, பக்கவாட்டில் சாய்வது, இவைதான் நோயின் அடையாளங்கள். தத்துவது நோய் அல்ல.

கூட இருக்கும் மீன்கள் வேண்டுமென்றால் இதற்கு முன்பே விட்டுவிடுங்கள். காங்கோ டெட்ராக் கூட்டம் மேல்பாதியில் நீந்தும், தரையைத் தொந்தரவு செய்யாது. மேலே மீன்கள் அமைதியாகச் சுற்றுவதைப் பார்த்தால் ஸ்டீட்டோக்ரேனஸும் பயம் தெளிந்து வெளியே வரும். குகைக்குப் போட்டியிடும் வேறு சிக்லிட்டுகளும் இரவில் முட்டை தின்னும் கெளுத்தி வகைகளும் வேண்டாம்.

விடும் நாளில் விளக்கை அணைத்து, பவர்ஹெட்டை நிறுத்தி, ஃபில்டரை மட்டும் ஓடவிடுங்கள். பயணத்தில் களைத்த குட்டியை முழு ஓட்டத்தில் விட்டால் உறிஞ்சுவாயின் ஸ்பாஞ்சில் போய் ஒட்டிக்கொள்ளும். மறுநாள் அரை வேகம், மூன்றாம் நாள் முழு வேகம். ஆறையும் ஒரே நேரத்தில் விடுங்கள். இரண்டை முதலில் விட்டு நான்கைப் பிறகு விட்டால் முதலில் வந்தவை தொட்டி முழுவதையும் தம்முடையதாக்கிவிடும்.

9. தீனி

ஓட்டமுள்ள தொட்டியில் மிதக்கும் தீனியைப் போட்டால் அது மீனை அடையும் முன் ஸ்பாஞ்சில் போய்ச் சேரும். மேலேயிருக்கும் டெட்ராக்கள் கொஞ்சம் தின்னும். தரை மீன் பட்டினி கிடக்கும். "தினமும் போடுகிறேன், இளைத்துக்கொண்டே போகிறது" என்ற புகாரின் பின்னால் அநேகமாக இதுதான் இருக்கும்.

ஆகவே மூழ்கும் சிறு உருண்டைகள். போடும் முன் பவர்ஹெட்டைப் பத்து நிமிடம் நிறுத்துங்கள். திரும்பப் போட மறந்துவிடும் ஆபத்து உண்டு என்பதால், தானாகத் திரும்ப ஓடும் டைமர் இருந்தால் நல்லது. கல்லின் நிழலில் மூன்று நான்கு இடங்களில் பிரித்துப் போட்டால் பின்தங்கிய மீனுக்கும் கிடைக்கும்.

ஸ்பைருலினா என்ற நுண்பாசி கலந்த உருண்டையை அன்றாட உணவாக வைத்து, வாரம் இரண்டு மூன்று முறை ஆர்ட்டீமியா, மைசிஸ், சைக்ளாப்ஸ் போன்ற இறால் வகைச் சிற்றுயிர்களை உறைந்த நிலையில் கொடுங்கள். மாட்டிதயம் போன்ற பாலூட்டி இறைச்சி வேண்டாம், அந்தக் கொழுப்பு இவற்றுக்குச் செரிக்காது. மீன் குண்டாகத் தெரிந்தால் வாரம் ஒரு நாள் தீனியை நிறுத்துங்கள். கல்லில் பாசி இருக்கிறது, அது பார்த்துக்கொள்ளும்.

10. வாரம் ஒருமுறை

மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள், குளோரின் நீக்கி, ஏறத்தாழ அதே வெப்பநிலையில். ஃபில்டரும் ஸ்பாஞ்சும் நைட்ரேட்டைக் குறைக்காது, தண்ணீர் மாற்றினால்தான் குறையும். எடுத்த பழைய தண்ணீரிலேயே ஸ்பாஞ்சைப் பிழியுங்கள். குளோரின் கலந்த குழாய்நீரில் கழுவினால் ஆறு வாரம் வளர்த்த பாக்டீரியா ஒரே நாளில் போய்விடும். கற்களை எடுத்துக் கழுவும் பேச்சே வேண்டாம்.

11. ஜோடி சேர்வதை அடையாளம் காண்பது

எத்தனை மாதம் ஆகும் என்பது தீனியையும் வெப்பத்தையும் பொறுத்தது. வயதைப் பார்க்காமல் நடத்தையைப் பாருங்கள். இரண்டு மீன்கள் ஒரே குகையின் வாசலில் ஒன்றையொன்று விரட்டாமல் உட்கார ஆரம்பிக்கும். பிறகு இரண்டும் சேர்ந்து தோண்டும். வாசலில் மணல்மேடு உயரும், சில நேரம் ஒரே ஒரு மீன் நுழையும் இடுக்கு மட்டும் மிஞ்சும். புதியவர்கள் இதைப் பார்த்து "குகை அடைத்துக்கொண்டது" என்று மேட்டைக் கலைத்துவிடுவார்கள். தயவுசெய்து தொடாதீர்கள். அவை கட்டிய கதவு அது.

ஐயம் இருந்தால் வயிற்றின் அடியில் உள்ள முளையைப் பாருங்கள். முட்டையிடும் காலத்தில் அது வெளியே தெரியும். ஆணுக்கு ஒல்லியாகக் கூராக, பெண்ணுக்குப் பருத்து மழுங்கலாக இருக்கும்.

ஜோடி உறுதியானதும் மற்ற நான்கையும் வேறு தொட்டிக்கு மாற்றிவிடுங்கள். ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். குகையைக் காக்கத் தொடங்கிய ஜோடி 120 செ.மீ. தொட்டியில் பாதிக்கு மேல் தனதாக்கிக்கொள்ளும், மிச்சமுள்ளவை மேல்மூலையில் ஒடுங்கி நிற்கும். நீந்த முடியாத மீன் மேல்மூலையில் நிற்கிறது என்றால் அது எவ்வளவு தவிக்கிறது என்று யோசித்துப் பாருங்கள்.

மாற்றும்போது ஜோடியின் குகைக் கற்களை அசைக்காமல் பிடிப்பது முக்கியம். அதற்காகவே நான் இரண்டு குகைகளை எளிதில் தூக்கும்படியாகப் பீங்கான் குழாயில் வைப்பேன். துரத்தப்பட்ட மீன் அதற்குள் பதுங்கியிருக்கும்போது இரு முனையையும் மூடிக் குழாயோடு தூக்கிவிடலாம்.

12. முட்டையிலிருந்து குஞ்சு வெளியே வரும்வரை

முட்டையிட்டதை நீங்கள் பார்க்கப்போவதில்லை. பெண் மீன் காணாமல் போவதும் ஆண் வாசலிலேயே நிற்பதும்தான் அறிகுறி. தீனிக்குக்கூடப் பெண் சில நொடி வந்து கவ்விக்கொண்டு உள்ளே போய்விடும். "பெண் செத்துவிட்டதோ" என்று கல்லைத் தூக்கிப் பார்த்தவர்களை நான் அறிவேன். தூக்கினால் முட்டை முழுவதும் போகும், பெற்றோரே தின்றுவிடும்.

முட்டைகள் குகையின் கூரையிலோ சுவரிலோ ஒட்டியிருக்கும். மீனின் உடலோடு ஒப்பிட்டால் பெரிய முட்டைகள், அதனால் எண்ணிக்கை குறைவு. சில டஜன் என்பது வழக்கம், பெரிய ஜோடி நூறைத் தாண்டலாம். வெப்பத்தைப் பொறுத்துச் சுமார் ஒரு வாரத்தில் பொரியும். மஞ்சள்கருப் பையைச் சுமந்துகொண்டு இன்னும் ஏறத்தாழ ஒரு வாரம் குஞ்சுகள் உள்ளேயே கிடக்கும்.

இந்த இரண்டு வாரமும் செய்ய வேண்டியது மிகக் குறைவு. ஓட்டத்தை மாற்றாதீர்கள், விளக்கின் நேரத்தை மாற்றாதீர்கள், தண்ணீரை வழக்கமான அளவில் பாதி மட்டும் மாற்றுங்கள். உறிஞ்சுவாய்களில் நுண்ணிய ஸ்பாஞ்ச் இருக்கிறதா என்று ஒருமுறை சரிபாருங்கள், குஞ்சுகள் வெளியே வந்த பிறகு மாட்ட நேரம் இருக்காது.

பிறகு ஒரு நாள் வாசலில் மணல் அசைவதுபோல் இருக்கும். உற்றுப் பார்த்தால் அது குஞ்சுக்கூட்டம். அவையும் பெற்றோரைப் போலவே தரையில் தத்தும், மேலே எழாது.

அந்த நாளிலிருந்து தினம் மூன்று நான்கு முறை, புதிதாகப் பொரித்த ஆர்ட்டீமியாவை நீண்ட பைப்பெட் வைத்து வாசலருகே விடுங்கள். குஞ்சுகள் பெரியவை என்பதால் முதல் நாளே அதைத் தின்னும். பெற்றோருக்கு ஓர் உருண்டையும் போட்டுப் பாருங்கள். ஆண் அதைக் கவ்வும். விழுங்காது. தாடை அசைய அசைய மென்றுகொண்டே குஞ்சுகளின் நடுவே வந்து உட்காரும். பிறகு செவுள் விரிய ஒரு சின்ன மேகமாகத் துப்பும். குஞ்சுகள் அந்தத் தூளுக்குள் பாய்ந்து பாய்ந்து பொறுக்கும். முழுக்க அடங்கியதும் ஆண் இன்னொரு உருண்டையைத் தேடிப் போகும். எத்தனை ஈடு (ஒருமுறை இடும் முட்டைகளும் அவற்றின் குஞ்சுகளும்) பார்த்தாலும் இந்தக் காட்சிக்கு நான் நாற்காலியைத் தொட்டி முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்வேன்.

தீனி நேரத்தில் ஓட்டத்தை நிறுத்தும் பழக்கம் இப்போது இன்னும் அவசியம். தின்னாமல் மிஞ்சிய ஆர்ட்டீமியா மணலில் அழுகும், மெல்லிய குழாயால் தினம் உறிஞ்சி எடுங்கள். குழாயின் முனையில் துணி கட்டினால் குஞ்சு உள்ளே போகாது.

முதல் ஈட்டு முட்டைகளைப் பெற்றோர் தின்றுவிட்டால் கலங்க வேண்டாம். இளம் ஜோடிக்கு இது சகஜம், இரண்டாவது மூன்றாவது ஈட்டில் பழகிக்கொள்ளும். அந்தக் காரணத்துக்காக முட்டையை எடுத்துத் தனியே பொரிக்கும் அவசரம் வேண்டாம். குஞ்சைக் காக்கும் அவகாசம் கிடைத்தால்தான் ஜோடி தேறும்.

13. குஞ்சுகளைப் பிரிப்பது

பெற்றோர் பல வாரம் காக்கும். அடுத்த முட்டைக்குத் தயாராகும் நாளில் நிலைமை மாறும்: குகையை மீண்டும் தோண்டத் தொடங்கும், வாசலுக்கு வரும் குஞ்சுகளை மூக்கால் இடித்துத் தள்ளும். பிரிக்க வேண்டிய நேரம் அதுதான். அதற்கு முன்பே எடுத்தால் பெற்றோர் உடனே அடுத்த ஈட்டுக்குப் போய்ப் பெண் இளைத்துவிடும். மிகவும் தாமதித்தால் குஞ்சுகள் அடிபடும்.

குஞ்சுத் தொட்டி முன்கூட்டியே பழுத்திருக்க வேண்டும். பெரிய தொட்டியில் ஒரு மாதமாக ஓடிய ஸ்பாஞ்ச் ஃபில்டரை அப்படியே எடுத்து மாட்டி, பெரிய தொட்டியின் தண்ணீரிலேயே நிரப்பினால் இது ஒரே நாள் வேலை. மெல்லிய ஓட்டம், மெலிதான மணல், கைநிறையக் கூழாங்கல். கற்களைத் தாராளமாகப் போடுங்கள்: 2 செ.மீ. வந்ததுமே ஒவ்வொரு குஞ்சும் தனக்கென்று ஒரு கல்லைப் பிடித்துக்கொண்டு மற்றதை விரட்டும்.

வாரம் இருமுறை தண்ணீர் மாற்றுங்கள். குஞ்சுத் தொட்டியில் தீனி அதிகம், கழிவும் அதிகம். 3, 4 செ.மீ. வளர்ந்ததும் வேறொருவருக்குக் கொடுப்பதாக இருந்தால் ஒன்றிரண்டாகக் கொடுக்காமல் ஆறாகக் கொடுங்கள். வேறு ஜோடியின் குஞ்சுகளும் உங்களிடம் இருந்தால் இரண்டையும் கலந்து ஆறாக்குங்கள், உடன்பிறந்தவையே ஜோடி சேர்வது அப்போது குறையும். கொடுக்கும்போது, இது தரையில் தத்தும் மீன் என்பதையும் கல்லை முதலில் வைத்துவிட்டு மணலைப் பிறகு போட வேண்டும் என்பதையும் மறக்காமல் சொல்லி அனுப்புங்கள்.